பாலையின் புதையல்

பாலைக்கென்று தனியாக ஒரு நிலம் இல்லை. மழை பொய்த்து வெயில் முதிரும்போது மலைநிலமும் காட்டுநிலமும் தம் வளம் இழந்து பாலையாய் மாறுகின்றன என்பது இளங்கோவடிகள் கருத்து. தமிழகத்தைப் பொறுத்தவரை அது முற்றிலும் பொருந்தும். எனினும், நம் நாட்டின் வடமேற்கே எக்காலத்தும் பாலையாகவே விளங்கும் பெருநிலம் ஒன்று உண்டு. ராஜஸ்தானத்தின் மேற்குப் பகுதியெங்கும் பரந்து, அண்டை மாநிலங்களைத் தொட்டு, பாகிஸ்தானத்துச் சிந்து மாநிலத்துக்குள்ளும் செல்லும் தார்ப் பாலைவனமே அது. அதன் பரப்பு ஏறத்தாழ 2 லட்சம் சதுர கிலோமீட்டர்.

பாலைக்கு நம் முன்னோர் வகுத்த ஒழுக்கம் பிரிவு. பொருள் தேடிச் செல்லும் தலைவன், மனையையும் மக்களையும் பிரிந்து நடந்து கடக்கும் வழியாகவே சங்கப் பாடல்களில் நாம் பாலையைக் காண்கிறோம். பிழைப்பை முன்னிட்டு ஊரை விட்டு வந்து, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறியிருக்கும் நமக்கு அந்தப் பிரிவு புதியதன்று. ஆனால் தார்ப் பாலையில் பொருள் வழியின் முடிவில் இல்லை, காலடியிலேயே கிடக்கிறது. சலவைக்கல், மணற்கல், சுண்ணாம்புக்கல், ஜிப்சம், பழுப்பு நிலக்கரி, உப்பு எனப் பல பொருள்கள் அந்நிலத்தில் உள்ளன. 2004-ஆம் ஆண்டில் பார்மேர்ப் பகுதியில் மங்களா என்னும் பெரிய எண்ணெய் வயலைக் கண்டறிந்து, 2009-இல் எண்ணெய் எடுக்கவும் தொடங்கினர்.

இத்துணைப் பொருளின்மேல் வாழும் மக்கள் எதனைச் செல்வமென்று எண்ணுகின்றனர்? இதனை அறியும் விருப்பத்தோடு, நம் சங்கத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து சென்ற குளிர்காலத்தில் ஜோத்பூர், ஜெய்சல்மேர், பிகானேர் ஆகிய நகரங்களையும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களையும் கண்டு வந்தோம். கண்டவற்றையும் கேட்டுக் கற்றவற்றையும் அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லே நகரமான இடங்கள்

தில்லியில் இரவு வண்டி ஏறினால் காலையில் ஜோத்பூர். ஜெய்ப்பூரைக் கடந்தபின் அந்த ரயில்பாதை மக்ரானா வழியே செல்கிறது. மக்ரானா சிறிய ஊர்; ஆனால் அதன் சலவைக்கல்லை அறியாதார் இலர். 1632-ஆம் ஆண்டளவில் தொடங்கிய தாஜ்மகாலுக்கு வெண்கல் இங்கிருந்தே, முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஆக்ராவுக்குச் சென்றது. கொல்கத்தா அன்பர்கள் மாலை வேளையில் சுற்றிவரும் விக்டோரியா நினைவு மண்டபமும் மக்ரானாக் கல்லால் எழுந்ததே. உலக மண்ணியல் அறிஞர்களின் கூட்டமைப்பு 2019-இல் இக்கல்லை உலகப் பாரம்பரியக் கற்களுள் ஒன்றாக ஏற்றது.

ஜோத்பூர், ராவ் ஜோதா என்னும் அரசர் 1459-இல் நிறுவிய நகரம். அங்கே கோட்டையும் கல், கூரையும் கல், வேலியும் கல். மரம் அரிதான நாட்டில் மணற்கல்லைப் பலகை பலகையாகப் பிளந்து, உத்தரத்துக்கும் தளத்துக்கும் பயன்படுத்துகின்றனர். நம் ஊர்ச் சமையலறையில் கடப்பைக்கல் இருப்பதுபோல அங்கே வீடு முழுவதும் மணற்கல் இருக்கிறது. நகரின் ஒருபுறம் குன்றின்மேல் நிற்கும் உமைத் பவன் அரண்மனை, பஞ்சத்தால் நலிந்த குடிகளுக்கு வேலை கொடுக்கும் பொருட்டு 1929-இல் தொடங்கப்பெற்று 1943-இல் முடிவுற்றது. மழை கைவிட்ட காலத்தில் கல் சோறு போட்டது என்பதற்கு அக்கட்டடம் சான்று.

மேற்கே செல்லச் செல்லக் கல்லின் நிறம் மாறுகிறது. 1156-இல் ராவல் ஜெய்சல் அமைத்த ஜெய்சல்மேர்க் கோட்டை மஞ்சள் நிறச் சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் கொண்டது. மாலை வெயில் படும்போது அது பொன்னாகவே தோன்றும். சத்யஜித் ராய் 1974-இல் 'சோனார் கெல்லா', அதாவது பொற்கோட்டை, என்ற படத்தை எடுத்தபின் வங்காளத்தார் திரள் திரளாக அங்கே வரலாயினர். இன்றும் அக்கோட்டைக்குள் மக்கள் குடும்பம் குடும்பமாக வாழ்கின்றனர். அம்மாவட்டத்துச் சானு என்னுமிடத்துச் சுண்ணாம்புக்கல் தூய்மை மிகுந்தது. எஃகு ஆலைகளுக்கு ரயிலேறிச் செல்கிறது.

வன்னி மரத்தின் விலை

கல்லைக் கட்டடமாக்கச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்புக்குக் காளவாய் வேண்டும். காளவாய்க்கு விறகு வேண்டும். இந்த எளிய கணக்கிலிருந்து பிறந்ததே கேஜட்லி என்னும் ஊரின் துயரக் கதை.

ஜோத்பூருக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் அளவிலுள்ள இச்சிற்றூர் பிஷ்ணோய் மக்களுடையது. ஜாம்போஜி என்னும் அருளாளர் 1485-இல் வகுத்த இருபத்தொன்பது நெறிகளைப் பின்பற்றுவோர் அவர்கள். பச்சை மரத்தை வெட்டாமையும் உயிர்களிடத்து அன்பும் அந்நெறிகளுள் அடங்கும். 1730-இல் ஜோத்பூர் அரசர் அபய்சிங்கின் ஆட்கள், அரண்மனைப் பணிக்குச் சுண்ணாம்பு சுடுவதற்காக இவ்வூரின் மரங்களை வெட்ட வந்தனர். அம்ருதா தேவி என்னும் பெண்மணி மரத்தைத் தழுவி நின்று உயிர் கொடுத்தார். அவரைப் பின்பற்றி அவ்வட்டாரத்து மக்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து நின்றனர். 363 பேர் மாண்டபின்னரே கோடரி நின்றது.

அவர்கள் காத்த மரம் எதுவென்று அறிந்தபோது நாங்கள் வியந்தோம். 'கேஜ்டி' என்று அங்கே வழங்கும் அம்மரம் நம் வன்னி மரமே! விருத்தாசலத்துக் கோயிலில் தலமரமாக நாம் வணங்கும் அதே வன்னி, அங்கே வயல் நடுவே நின்று ஆட்டுக்குத் தழையும், மண்ணுக்கு உரமும், மனிதர்க்குக் காயும் கொடுக்கிறது. 'ஓரண்' என்ற பெயரில் தெய்வத்துக்கு விடப்பட்ட மேய்ச்சற்காடுகளும் ஊர்தோறும் உள்ளன. அங்கே விறகுக்காகக் கிளை ஒடிக்கவும் மக்கள் அஞ்சுவர். இத்தகைய காடுகளை அளந்து பதிவுசெய்து பாதுகாக்குமாறு 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் அரசுக்கு ஆணையிட்டது.

உணவும் பாட்டும்

வன்னியின் இளங்காயை உலர்த்தி, கேர் என்னும் புதர்க்காயோடு சேர்த்துச் சமைப்பதே அந்நாட்டின் புகழ்பெற்ற கறி. கம்பு ரொட்டியும் மோரும் அதற்குத் துணை. கம்பங்கூழ் உண்டு வளர்ந்த நம் முதியோர் அந்த ரொட்டியைச் சுவைத்தபோது சொந்த ஊரை நினைத்துக்கொண்டனர். 'கம்மா கனி' என்று கூறி வணங்கி வரவேற்பதும், உறவுப் பெயர்களோடு மதிப்புக்காக 'சா' என்று சேர்த்து அழைப்பதும் அவ்வூர் வழக்கம். எந்த வீட்டுக்குச் சென்றாலும் முதலில் வருவது ஒரு குவளைத் தண்ணீர். அங்கே அதுவே பெரிய விருந்து என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

மாங்கணியார் என்னும் இசைக்குடியினர் கமாயிச்சா என்ற நரம்புக்கருவியை இசைத்துப் பாடுகின்றனர். அவர்கள் இஸ்லாமியர், அவர்களைப் புரப்போரிற் பலர் இந்துக்கள். குழந்தை பிறந்தாலும் மணம் நடந்தாலும் அவர்கள் பாட்டில்லாமல் விழா இல்லை. குளிர்காலத்தில் வடநாடுகளிலிருந்து வந்திறங்கும் 'குர்ஜா' என்னும் நாரையினப் பறவையிடம், தொலைவிலுள்ள கணவனுக்குச் செய்தி சொல்லி அனுப்பும் பாட்டு அங்கே மிகவும் பெயர்பெற்றது. பலோதி அருகில் கீசன் என்ற ஊரில் அப்பறவைகளுக்கு ஊரார் நாள்தோறும் தானியம் இறைக்கின்றனர். நாரையைத் தூது விட்ட சத்திமுற்றப் புலவரை நினைக்காமல் இருக்க முடியுமோ? அந்நாட்டு ஆடவரும் நெடுங்காலமாக வெளியூர் சென்று பிழைப்போரே. சென்னைச் சௌகார்பேட்டையில் கடை வைத்திருப்போருள் பலருடைய பூர்வீகம் இந்த மணல்நிலந்தான்.

நீர் தேடிக் கண்ட நிலக்கரி

ஜெய்சல்மேர்ப் பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். சென்னைக்கு அது சுமார் 140. எனவே, அங்கே மண்ணைத் தோண்டியவர் பெரும்பாலும் பொன்னைத் தேடித் தோண்டவில்லை. நீரைத் தேடியே தோண்டினர்.

பிகானேருக்கு அருகிலுள்ள பலானா என்னும் ஊரில் 1896-ஆம் ஆண்டு கிணறு வெட்டியபோது நீருக்கு மாறாகக் கரி தென்பட்டது. 1898-இல் அங்கே சுரங்கம் தொடங்கிற்று. இதைக் கேட்டதும் எங்களுக்கு நெய்வேலி நினைவு வந்தது. அங்கும் கிணறு தோண்டும்போது வந்த கருநிற மண்ணே பழுப்பு நிலக்கரியைக் காட்டிக்கொடுத்தது. இவ்விரண்டு ஊர்களையும் காலம் பின்னர் இணைத்தும் விட்டது. பிகானேரை அடுத்த பர்சிங்சரில் நெய்வேலி நிறுவனமே நிலக்கரி வெட்டி, 125 மெகாவாட் திறனுள்ள இரண்டு அலகுகளால் மின்சாரம் உண்டாக்குகிறது.

பிகானேரின் மற்றொரு பொருள் ஜிப்சம். நிலக்கடலைக்கு இடும் ஜிப்சத்தை நம் ஊர் உழவர் நன்கறிவர். சிமெண்டுக்கும் உவர்நிலத்தைத் திருத்துவதற்கும் அது தேவை. விடுதலைக்குப்பின் சிந்திரியில் எழுந்த உரத் தொழிற்சாலைக்கு இங்குள்ள ஜாம்சர்ச் சுரங்கத்திலிருந்தே ஜிப்சம் சென்றது. ஆனால் இந்த வெண்ணிறப் பொருளுக்குப் பாலைவாசிகள் கண்ட பயன் வேறு. அதனை விளக்க அவர்களுடைய நீர்க்கணக்கைச் சொல்ல வேண்டும்.

மூவகை நீர்

அனுபம் மிஸ்ரா என்னும் காந்திய எழுத்தாளர் 1995-இல் வெளிவந்த 'ராஜஸ்தான் கீ ரஜத் பூந்தேன்' என்ற இந்தி நூலில் அந்நாட்டின் நீர்மரபை விரிவாக விளக்கியிருக்கிறார். பாலை மக்கள் நீரை மூன்றாகப் பகுப்பர். மழையாக விழுந்து குளத்திலும் தொட்டியிலும் நிற்பது 'பாலர்' நீர். நிலத்தின் ஆழத்தில் கிடப்பது 'பாதாள' நீர். அது பெரும்பாலும் உப்புக் கரிக்கும். இவ்விரண்டுக்கும் இடையே, மணலுக்குள் ஈரமாகத் தங்கியிருப்பது 'ரேஜாணி' நீர்.

மணலில் விழுந்த மழைநீர் கீழிறங்கி உப்புநீரோடு கலந்துவிடாதோ என்று கேட்கலாம். கலந்துதான் போகும். ஆனால் சில இடங்களில் மணலுக்கு அடியில் ஜிப்சமோ, நீர் புகாத களிமண்ணோ ஒரு பட்டையாகப் படிந்திருக்கிறது. மழையின் ஈரம் அப்பட்டையின்மேல் நின்றுவிடுகிறது. அந்த ஈரத்தைத் துளித்துளியாகக் கசியச் செய்து சேர்ப்பதற்கு ஒடுங்கிய சிறு கிணறு தோண்டுவர். அதன் பெயர் 'குயீ'. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தை நிரப்பும் நம் பெண்களுக்கு இந்த நுட்பம் எளிதில் விளங்கும். நாளொன்றுக்கு இரண்டு மூன்று குடம் சுரந்தால் அது நல்ல குயீ.

அவர்கள் மழையை அளக்கும் முறையும் அத்தகையதே. வானிலிருந்து விழுந்தது எவ்வளவு என்பதன்று கணக்கு. மண்ணுக்குள் எத்தனை விரற்கடை ஈரம் இறங்கியது என்பதே கணக்கு. 'உழவு மழை' என்று சொல்லும் நம் உழவர்க்கும் இக்கணக்கு பொதுவன்றோ?

குயீ தனிக் குடும்பத்துக்கு உரியது. அது தோண்டப்படும் நிலமோ ஊர்ப்பொது. ஒருவர் புதிதாகத் தோண்டினால் மற்றவர்க்குரிய ஈரம் குறையும். ஆதலின், மிகத் தேவை நேர்ந்தாலன்றி ஊர் இசைவதில்லை. மண்ணுக்கு அடியிலுள்ள பொருளை எவ்வாறு பங்கிடுவது என்ற கேள்விக்கு அம்மக்கள் எழுதாச் சட்டம் ஒன்றை என்றோ வகுத்துவிட்டனர்.

ஆகவே, வெண்பட்டை விற்பனைக்குரிய ஜிப்சமும் ஆகும்; இனிய நீரைத் தாங்கும் தட்டும் ஆகும். எங்கே அதனை வாரி எடுக்கிறோமோ அங்கே மழையின் ஈரம் தங்க இடமில்லை. 1958-இல் தொடங்கிய ராஜஸ்தான் கால்வாய், பின்னர் இந்திரா காந்தி பெயர் பெற்று, பஞ்சாபிலிருந்து ஆற்றுநீரை இப்பாலைக்குள் கொண்டுவந்தது. அதனால் பசுமை உண்டாயிற்று, குழாய்நீரும் வந்தது. ஆயினும், மிகுதியாகப் பாய்ச்சிய இடங்களில் அதே கெட்டிப் பட்டையால் நீர் கீழிறங்க வழியின்றித் தேங்கி, வயல்கள் உவர்ந்தன. நிலத்தின் உள்ளமைப்பை அறியாமல் நீரை விட்டாலும் கெடுதி. அறியாமல் வெட்டினாலும் கெடுதி.

கீழே இறங்குபவனும் மேலே நிற்பவரும்

குயீ தோண்டுவோனைச் 'சேஜாரோ' என்பர். நான்கைந்து முழமே அகலமுள்ள குழிக்குள் அவன் இறங்குகிறான். மண்வெட்டியை வீசுவதற்கு இடமில்லை. குட்டைப் பிடியுள்ள சிறு கருவியால் உட்கார்ந்தே வெட்டுகிறான். முப்பது முழம், சில இடங்களில் அறுபது முழம் வரை செல்ல வேண்டும். ஆழம் செல்லச் செல்ல வெப்பம் மிகும், காற்றுக் குறையும், மணற்சுவர் எந்நேரமும் சரியலாம். தோண்டிய அளவுக்கு உடனுக்குடன் கல்லாலோ, புல்லைத் திரித்த தடித்த கயிற்றுச் சுருளாலோ, மரத்தாலோ உறை இறக்குகின்றனர்.

எங்கள் உள்ளத்தைத் தொட்டது அவன் திறமை மாத்திரம் அன்று. குழியின் மேலே ஊரார் நிற்கின்றனர். இடைவிடாமல் கைப்பிடி மணலை வேகமாக உள்ளே வீசிக்கொண்டே இருக்கின்றனர். அம்மணலோடு மேற்காற்று கீழே சென்று, அடியிலுள்ள வெம்மையை மேலே தள்ளுகிறது. விழும் மணல் காயப்படுத்தாதிருக்க அவன் தலையில் உலோகக் கவசம் அணிகிறான். கீழே இருப்பவன் மூச்சு மேலே நிற்பவர் கையில். நீர் கண்டபின் ஊரில் விருந்து நடக்கும். சேஜாரோவுக்குப் பரிசளித்து அனுப்புவர். அதன்பின்னும் ஆண்டுதோறும் விழாக்களிலும் அறுவடையிலும் அவனுக்குப் பங்கு உண்டு. இதுவே பழைய வழக்கம்.

கல்தூள்

ஜோத்பூர் மாவட்டத்தில் மணற்கல் வெட்டும் குழிகள் மிகப் பல. பண்டு கண்ட்வாலியா எனப்படும் கல்வெட்டிகள் பாறையைத் தட்டி, அதன் ஓசையைக் கேட்டே எங்கே விரிசல் ஓடுகிறது என்று அறிந்தனர். கோட்டையின் அடிவாரத்துப் பாறைக்காட்டில் சீமைக்கருவேலை வேரோடு அகற்றி, பாலைக்குரிய செடிகளை வளர்த்து அமைத்துள்ள ராவ் ஜோதா பூங்காவில், பாறையில் குழிதோண்டி உதவியவர்களும் அவர்களே. உளியும் சம்மட்டியும் இருந்த இடத்தில் இன்று துளையிடும் இயந்திரம் வந்துவிட்டது. வேலை விரைந்தது, தூளும் பெருகிற்று.

மணற்கல் பெரும்பாலும் சிலிக்காவால் ஆனது. உலர்ந்த பாறையில் துளையிடும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் எழுந்து நுரையீரலின் அடிவரை சென்று தங்கிவிடும். நாளடைவில் அவ்விடம் வடுப்பட்டு இறுகும். மூச்சு சுருங்கும். சிலிகோசிஸ் என்னும் இந்நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. இருமலும் இளைப்பும் காசநோய் போலவே தோன்றுவதால், பலர் காசநோய் மருந்தையே நெடுநாள் உண்டு காலம் இழக்கின்றனர். முன்பணம் வாங்கியவர், கடன் தீரும்வரை உடல் நலிந்தாலும் குழிக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் சென்ற ஒரு சிற்றூரில், நாற்பது வயதும் நிரம்பியிராத ஒருவர் திண்ணையில் சாய்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து வணங்க முயன்றார், மூச்சு இடங்கொடுக்கவில்லை. அவர் மனைவி குவளையில் நீர் கொடுத்தார். கணவர் வெட்டிய அதே குழியில் இப்போது தாம் கல் சுமப்பதாகவும், மூத்த மகன் அடுத்த ஆண்டு துளைபோடும் வேலைக்குச் செல்லக்கூடும் என்றும் அவ்வம்மையார் கூறினார். அந்நீரை வாங்கிக் குடித்த எங்களுக்கு மறுமொழி ஒன்றும் தோன்றவில்லை.

ராஜஸ்தான் அரசு 2019-இல் இந்நோய்க்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. நோய் உறுதிப்பட்டவர்க்கு 3 லட்சம் ரூபாயும், அவர் இறந்தால் குடும்பத்துக்கு மேலும் 2 லட்சம் ரூபாயும் என அது வரையறுத்தது. இது நன்றே. ஆனால் நோய் வந்தபின் கிடைக்கும் தொகை, வராமல் காப்பதற்கு ஈடாகாது. காக்கும் வழியோ மிக எளியது: துளையிடும் இடத்தில் நீரைப் பாய்ச்சிக்கொண்டே துளையிட்டால் தூள் பெரிதும் அடங்கிவிடும். நீர் அரிதான நாட்டில் அந்நீருக்கும் செலவு உண்டு. அச்செலவை மிச்சப்படுத்தும் இடத்தில் மனித மூச்சு செலவாகிறது.

இப்போது குயீயை நினைத்துப் பாருங்கள். கையில் ஒன்றுமில்லாத ஊரார், கீழே இறங்கிய ஒருவனுக்காக மேலே நின்று மணல் வீசிக் காற்று அனுப்பினர். அவன் எடுத்துத் தரும் நீரை உண்பவர் தாமே என்பதை அறிந்திருந்தனர். கல்குழியில் இறங்குபவனுக்கு மேலே நிற்பவர் யார்? கல்லை வாங்குவோர் தொலைவில் இருக்கின்றனர். அவன் முகத்தை அவர்கள் கண்டதில்லை.

அன்பர்களே, அந்தத் தொலைவில் இருப்போர் நாமே. நம் வீட்டு முற்றத்தில் பதித்த செம்மணற்கல்லும், பூசையறையில் இழைத்த வெண்சலவைக்கல்லும் இத்தகைய குழிகளிலிருந்து வந்தவையே. பாலைக்குச் செல்ல விரும்புவோர் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் குழந்தைகளோடு செல்லுங்கள். கோட்டைகளைக் காட்டுங்கள், ஒரு குயீயையும் ஒரு கல்குழியையும் கூடக் காட்டுங்கள். வீடு கட்டுவோர் கல் வாங்கும்போது, அது ஈரத்தில் துளைத்து வெட்டியதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். நம் தெருவிலேயே தரைக்கல் அறுக்கும் தொழிலாளர், புழுதி மூட்டத்துக்குள் வாயில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நாள்தோறும் காண்கிறோம். இயந்திரத்தின் பல்லில் நீர் ஊற்றிக்கொண்டே அறுக்கும்படி வீட்டுக்காரர் சொன்னால் அவர் மறுக்கப் போவதில்லை. அதற்கு வேண்டியது ஒரு வாளித் தண்ணீர். அதனைக் கொண்டுபோய் வைப்பது நம்மால் இயலாத செயலன்று.